மூன்று கல்லறைகளும் அம்மாவின் கேள்வியும்

சென்ற வாரம் என்னோடு ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, கடைசி ஆறு மாசமா அப்பா ஒரே பேச்சைத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. நான் யாருக்கும் பிரயோஜனமில்லாமக் கெடக்கேன்னு" என்று சொல்லி அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பேச்சை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். அப்போதும் பதில் சொல்லத் தெரியவில்லை.

1999-இல் என் அம்மாவுக்கு எண்பது வயது. பள்ளிக்கூட வாத்திச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்தும் எழுந்து நடமாட முடியவில்லை. அதன்பின் நான்கு ஆண்டுகள் கட்டில்தான். ஒரு நாள் காலை நான் தபால் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். "எய்யா, ஆண்டவரு என்னய எதுக்குய்யா இன்னும் வச்சிருக்காரு? ஒரு வேலைக்கும் ஒதவாத கட்டையாட்டம் கெடக்கேனே" என்றார்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அப்படியெல்லாம் பேசாதம்மா. சீக்கிரம் எந்திரிச்சி நடப்ப" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அவர் நடக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதன் பிறகு அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. 2003-இல் காலமானார்.

2011-இல் நான் ஓய்வு பெற்ற பிறகு பழைய சரித்திரங்களைப் படிக்கவும், படித்த இடங்களைப் போய்ப் பார்க்கவும் நேரம் கிடைத்தது. அப்படிப் பார்த்த மூன்று கல்லறைகளைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். மூன்றுமே நம் தமிழ்நாட்டில் இருப்பவை. மூன்றிலும் தூங்குகிறவர்கள் கடல் கடந்து வந்து, தமிழ் படித்து, இங்கேயே முடிந்தவர்கள். ஒருவர் 36 வயதில் போனார், ஒருவர் 71 வயதில், ஒருவர் 83 வயதில்.

முதல் கல்லறை தரங்கம்பாடியில் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் தெருவிலுள்ள புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்க் ஐயர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். டென்மார்க் அரசர் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று புளுட்சோ என்ற தோழருடன் அங்கே வந்து இறங்கியவர். ஜெர்மானியர். வயது 24 கூட நிரம்பவில்லை. வந்த சில மாதங்களிலேயே தமிழ் படிக்க ஆரம்பித்து, சிறு பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார் என்பார்கள். டேனிஷ் கோட்டைத் தளபதிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். 1715-இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஆலயத்துக்குள் நின்றபோது என் மனதில் ஓடியது வேறு. கடைசி வருஷங்களில் அவருக்குக் கோபன்ஹேகனிலிருந்து வந்தவை பாராட்டுக் கடிதங்கள் அல்ல. மிஷனரிகள் அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு ஊர் ஊராகப் போக வேண்டும். கட்டடம், பள்ளிக்கூடம் என்று பணத்தைச் செலவழிப்பது தவறு என்று மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது. ஏற்கெனவே உடல் நலிந்திருந்தவரை அது மிகவும் வாட்டியது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். புதிய ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது. நான்கே மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23 அன்று அவர் இறந்துபோனார். இளம் மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போனார்.

பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் ரூத் புத்தகம் வரைக்கும்தான் வந்திருந்தார். ரூத்துக்கு அப்புறம் எத்தனை புத்தகங்கள் என்று வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம். சாமுவேல், ராஜாக்கள், யோபு, சங்கீதம், ஏசாயா எல்லாம் மீதி. அவற்றைப் பின்னால் வந்த சூல்ச் ஐயர் முடித்தார்.

முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். கணக்கு முடிக்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று பழக்கப்பட்டவன். பாதி வேலையில் ஒரு மனிதனைக் கூப்பிட்டுக்கொள்வது என்ன நியாயம் என்று அந்த ஆலயத்தில் நின்று நினைத்தேன். ஆனால் ரூத்தோடு நின்றுபோன அந்தக் கையெழுத்தை யாரும் குறைப்பணி என்று தூக்கி எறியவில்லையே. வேலை முடிந்ததா என்று பார்ப்பது ஆபீஸ் வழக்கம். கடவுளிடமும் அதே வழக்கம்தான் இருக்கும் என்று நானாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கல்லறை தஞ்சாவூரில் இருக்கிறது. சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சிறு வயதிலேயே கேள்விப்பட்டிருப்போம். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாளுக்கு 1778-இல் ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான். 1726-இல் பிரஷ்யாவில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கும் திருச்சியிலும் தஞ்சையிலுமாக 48 வருஷம் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

அவருக்கு இருந்த பெரிய சொத்து அவருடைய வாக்கு. 1779-இல் சென்னையிலிருந்த ஆங்கில அரசாங்கம் மைசூர் ஹைதர் அலியிடம் பேசுவதற்கு இவரைத்தான் தூது அனுப்பியது. அடுத்த சில வருஷங்களில் யுத்தமும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் முன்பு கொடுத்த நெல்லுக்குக் காசு வராமல் ஏமாந்த விவசாயிகள் மாட்டையும் நெல்லையும் அனுப்ப மறுத்தார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஐயர் சொன்னார். சில நாட்களிலேயே ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய பணத்தை அவர் தவறாமல் கொடுத்துத் தீர்த்தார்.

தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-இல் சாகும் தறுவாயில், தாம் தத்தெடுத்த பத்து வயதுப் பையனை இவர் கையில் பிடித்துக் கொடுக்க விரும்பினார். அந்தப் பையன்தான் பிற்காலத்து சரபோஜி மன்னர். ஆனால் சித்தப்பா அமர்சிங் அரியணை ஏறினார். பையன் துன்பப்பட்டான். அவனுக்குப் படிப்பும் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்று முதியவர் பாடுபட்டு, 1793-இல் சென்னைக்கு அனுப்ப வழி செய்தார். அவனுடைய உரிமைக்காகத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் ஐயர் கண்ணை மூடினார். சரபோஜி பட்டத்துக்கு வந்தது அதே வருஷம் ஜூனில். நான்கு மாதம் பொறுத்திருந்தால் பார்த்திருப்பார்.

அவருடைய மரணத்தைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். உயிர் போய்விட்டது என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் அவருக்குப் பிரியமான ஜெர்மானியப் பாட்டைப் பாடத் தொடங்கினார்களாம். படுக்கையிலிருந்து அவருடைய குரலும் சேர்ந்து வந்ததாம். அடக்கத்தன்று சரபோஜி வந்து பெட்டியருகே நின்று அழுதார் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. சிவபக்தராகவே வாழ்ந்து 1832-இல் மறைந்தார். ஆனால் தம் ஐயருக்காக லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்வித்து வரவழைத்தார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்தச் சிற்பத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். மதம் மாற்றிய எண்ணிக்கையை வைத்து ஒரு ஊழியரை அளக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அப்படிப் பார்த்தால் சரபோஜி விஷயத்தில் சுவார்ட்ஸ் ஐயர் தோற்றவர். ஆனால் அவர் ஒரு தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தார். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அது மறக்கவில்லை. சிற்பி கல்லில் காட்டியிருப்பது பிரசங்கத்தையோ தூது போனதையோ அல்ல. ஒரு கையை இன்னொரு கை பிடித்திருப்பதை மட்டும்தான். என் அம்மாவின் கையை நான் கடைசியாக எப்போது அப்படிப் பிடித்தேன் என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாவது கல்லறை எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, களக்காட்டை அடுத்த டோனாவூரில். 1827-இல் ரேனியஸ் ஐயர் உண்டாக்கிய கிராமம். பணம் உதவிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரை வைத்தார்கள். 1901-இல் அங்கே வந்து தங்கியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்துக்காரர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் 55 வருஷம் ஒரு விடுமுறைக்குக்கூடத் தாயகம் போகவில்லை. கோவில்களுக்குப் பொட்டுக் கட்ட விடப்பட இருந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தார். பிற்பாடு ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பே அந்தக் கிராமத்தில் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன.

1931 அக்டோபர் 24. அவருக்கு 63 வயது. அன்று காலை, உமக்கு நன்றாகப் பணி செய்ய என்னைத் தகுதியாக்க எது தேவையோ அதைச் செய்யும் என்ற பொருளில் ஜெபம் செய்தாராம். மாலையில் களக்காட்டில் சிகிச்சை நிலையத்துக்காக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டும் நேரம். எதிர்பாராத இடத்தில் குழி தோண்டியிருந்தார்கள். அதில் விழுந்து கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழவில்லை. கிட்டத்தட்ட இருபது வருஷம் ஒரே அறை.

இதை முதல் முறை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காலையில் அப்படி ஜெபித்த அம்மாளுக்கு மாலையில் இப்படி ஒரு பதிலா? அதற்குச் சப்பைக்கட்டுக் கட்டும் விளக்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவை ஒட்டவில்லை. அம்மையாரும் வலியை இனிப்பு என்று சொன்னவர் இல்லை. தூக்கமில்லாத இரவுகளைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1933-இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற புத்தகத்தை அவர் எழுதிய காரணமே சுவாரசியமானது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்களை எல்லாம் உடம்பு நன்றாக இருக்கிறவர்களே எழுதுகிறார்கள்; படுக்கையில் கிடக்கும்போது அவை மனதைத் தொடுவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதனால் வலி தீருவதற்கு முன்பே, நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக அதை எழுதினார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. "சீக்கிரம் எந்திரிச்சி நடப்ப" என்று சொன்னவன் அல்லவா நான்!

படுக்கையிலிருந்தே அவர் பதின்மூன்று புத்தகங்கள் எழுதினார் என்பதைத்தான் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவை அவர் எழுதிய துண்டுச் சீட்டுகள். அந்தப் பெரிய குடும்பத்தின் பிள்ளைகளுக்கும், உடன் ஊழியர்களுக்கும், ஒவ்வொருவருடைய சங்கடத்தையும் நினைவில் வைத்து எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர்கள் அவருடைய அறைக்கு ஒவ்வொருவராக வந்து போனார்கள்.

இழப்புகளும் அந்த அறைக்கே வந்து சேர்ந்தன. தமக்குப் பின் பொறுப்பேற்பார்கள் என்று அவர் நம்பியிருந்த சகோதரர் இருவரில் டாக்டர் மரே வெப்-பெப்ளோ 1947-இல் டோனாவூரை விட்டுச் சென்றார். 1948-இல் அம்மையார் தம் அறையிலேயே மறுபடி விழுந்தார். அதன்பின் புரண்டு படுப்பதும் கஷ்டமாயிற்று. 1949-இல் இன்னொரு சகோதரர் காட்பிரே அவருக்கு முன்பாகவே இறந்துபோனார். முதியவர் இருக்க இளையவர் போவதைப் பார்ப்பதைவிடக் கொடுமை எது? 1951 ஜனவரி 18 அன்று தூக்கத்திலேயே அம்மையாரின் உயிர் பிரிந்தது. நான் பிறந்தது அதே வருஷம்தான்.

தம் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் பிறந்த தேதி இல்லை, பட்டம் இல்லை. 1919-இல் அரசாங்கம் அவருக்குக் கொடுத்த கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தின் பெயர் இல்லை. பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்த அந்த ஒரு சொல் மட்டும்தான்.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், இளமையில் நீயே கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையில் வேறொருவன் உன்னைக் கொண்டுபோவான் என்ற கருத்தில் இயேசு பேதுருவிடம் பேசுகிறார். இளவயதில் இதைப் பேதுருவின் இரத்தசாட்சி மரணத்தைப் பற்றியது என்று மட்டும்தான் படித்தேன். இப்போது வாசிக்கும்போது அது எல்லா வயோதிகரையும் பற்றியதாகத் தெரிகிறது. அதற்குச் சற்று முன்னால் இயேசு அவரிடம் மூன்று தடவை கேட்ட கேள்வி, என்மேல் அன்பாயிருக்கிறாயா என்பதுதான். எவ்வளவு வேலை முடித்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அம்மா ராத்திரி ஜெபத்தில் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார். பேரப்பிள்ளைகளில் ஆரம்பித்து, தெருவில் இருப்பவர்கள், பால்காரர், பழைய மாணவிகள் என்று நீளும். எங்கள் வயல் வரப்புக்காக எங்களோடு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பத்தின் பெயரும் அதில் வரும். பக்கத்து அறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும் எனக்குப் பொறுமை போய்விடும். "முடிஞ்சுதாம்மா? லைட்ட அணைக்கட்டுமா?" என்று குரல் கொடுப்பேன்.

அம்மாவின் அடக்கத்துக்கு அந்த வரப்புத் தகராறு வீட்டு அம்மாள் வந்திருந்தார். "எங்க வீட்டுப் பேரச் சொல்லி ஜெபிக்க இனி ஆரு இருக்கா?" என்று அழுதார். நான் ஆபீசில் இருக்கும் நேரத்தில் அவர் அம்மாவைப் பார்க்க வருவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போன வாரம் நண்பரின் அடக்கத்திலிருந்து வந்ததும் இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு வருஷமும் அம்மாவைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, சோறு ஊட்டியவள் அவள்தான். நான் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்ததோடு சரி. அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "அத்தை என்கிட்டயும் அதக் கேட்டாங்க. நீங்க இருக்கிறதாலதான் அத்தை இந்த வீட்டுல ராத்திரி ஜெபம் நடக்குது, நீங்க போயிட்டா ஆளுக்கொரு மூலைக்குப் போயிருவோம்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் கேக்கல."

அம்மா என்னிடம் மறுபடி கேட்காததற்கு நான் இத்தனை வருஷம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். நான் சொல்லத் தவறிய பதிலை அவருக்கு வேறொருத்தி சொல்லியிருக்கிறாள். அதில் எனக்கு ஆறுதலும் உண்டு, வெட்கமும் உண்டு.

அவள் சொன்னது அப்படியே பலித்தும் போயிற்று. அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபம் மெல்ல நின்றுவிட்டது. டி.வி.யும் செல்போனும் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டன. இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் டி.வி.யை நிறுத்திவிட்டு, ஞாபகத்தில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தகப்பனை அடக்கம் செய்துவிட்டு நின்ற அந்தப் பையன். வரப்பு வீட்டுக்காரர் பெயரில் கொஞ்சம் தடுமாறினேன். என் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.